பச்சை குத்திய ஜாதி

பெயருக்குப் பின்னால் தொங்குகிற ஜாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்றும், நெற்றியில் தீட்டுகிற மதக்குறியை அழித்துவிட வேண்டும் என்றும் 1929ம் வருஷம் பிப்ரவரி மாதம் செங்கல்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மகாநாடு தீர்மானித்தது. அத்தீர்மானத்தை அனுஷ்டிப்பதற்கு அன்று யாருக்கும் ஒரு காசு செலவில்லை. பட்டத்தை விடுவதற்குப் பேனாவினால் ஒரு கோடு போதும். நெற்றிக் குறியை விடுவதற்கு ஒரு செம்பு தண்ணீர் போதும். மனம் ஒன்றுதான் வேண்டியிருந்தது. அந்த மனம் வந்தவர்கள் அன்றைக்கே விட்டார்கள்.

அதன் பலனாக, இன்று தமிழ்நாட்டில் ஒருவருடைய பெயரைக் கேட்டு அவருடைய ஜாதியைத் தெரிந்து கொள்ளுவது பெரும்பாலும் முடியாத காரியமாக இருக்கிறது. வெளி மாகாணத்தார் இதைக் கண்டு அதிசயப்படுகிறார்கள். ஆனால் வாசல் வழியாகத் துரத்தப்பட்ட ஜாதியானது கொல்லைப்புறமாக நுழைந்து, பெயரில் இருந்ததை விட்டு இப்போது தோலில் வந்து உட்கார்ந்து கொண்டிருக்கிறது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சில பக்கங்களில் மீசை முளைக்காத பிள்ளைகள்கூடத் தங்கள் முன்கையிலும் மார்பிலும் கழுத்திலும் ஜாதியின் பெயரையோ, ஜாதிச் சங்கத்தின் கொடி நிறத்தையோ, ஜாதிக்காரர் என்பதற்காகவே தலைவராக்கப்பட்ட ஒருவருடைய முகத்தையோ மின்சார ஊசியினால் பச்சை குத்திக் கொண்டு, சட்டைக் கையைச் சுருட்டி விட்டுக் கொண்டு தெருவில் நடக்கிறார்கள். பாட்டனார் பேனாவினால் அடித்துவிட்ட பட்டத்தைப் பேரன் ஊசியினால் எழுதிக் கொள்ளுகிறான் என்றால் இது முற்போக்கா, பிற்போக்கா என்று கேட்கின்றோம்.

இதை விளையாட்டுக் காரியம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 2023ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் நாங்குநேரியில் என்ன நடந்தது? கூடப் படித்த பிள்ளைகளே ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அரசாங்கத்தார் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு அவர்களைக் கொண்டு ஒரு குழு அமைத்தார்கள். அக்குழு 1924ல் அல்ல, 2024ல், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் ஜாதி நிறக் கயிறு கட்டக் கூடாது, மோதிரம் போடக் கூடாது, நெற்றியில் குறியிடக் கூடாது என்று எழுத வேண்டியதாயிற்று. நல்ல யோசனைதான். கயிற்றை வாத்தியார் கத்தரிக்கோலால் அறுத்து விடலாம். மோதிரத்தைக் கழற்றச் சொல்லலாம். தோலுக்குள் குத்தினதை என்ன செய்வது?

இந்த இடத்தில்தான் லேசர் என்னும் ஒளி வைத்தியத்தைப் பற்றி நாம் பேச வேண்டியிருக்கிறது. பச்சையை எடுக்க முடியுமா, எடுத்தால் தழும்பு வருமா, உடம்புக்குக் கெடுதலா என்று பல தோழர்கள் கேட்கிறார்கள். அதே கருவியினால் முகத்தை வெள்ளையாக்குகிறார்களாமே, அது நிஜமா என்றும் சிலர் கேட்கிறார்கள். இவை இரண்டும் ஒரே கருவியைப் பற்றிய கேள்விகளானாலும், நமக்கு இரண்டும் ஒன்றல்ல.

முதலில் பச்சையைப் பற்றிச் சொல்லுவோம். அழகுக்காகப் பச்சை குத்திக் கொள்ளுவது எல்லாத் தேசங்களிலும் உண்டு. நமது பாட்டிமார் குறத்திக்கு ஒரு படி நெல்லை அளந்து போட்டு, விளக்குக் கரியையும் பச்சிலைச் சாற்றையும் குழைத்த மையினால் முன்கையில் கோலமும் தேளும் குத்திக் கொண்டார்கள். செத்தால் கூட வருவது இந்தப் பச்சை ஒன்றுதான் என்று அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நகையைத்தான் மகனும் மருமகளும் கழற்றிக் கொள்ளுகிறார்களே, இதையாவது கழற்ற முடியாதே என்ற எண்ணம் போலும்! அந்தக் கிழவிகளுடைய கோலத்தைப் பற்றி நமக்குச் சண்டை ஒன்றுமில்லை. அது யாரையும் தாழ்த்தவில்லை.

ஆனால் ஒரு மனிதனை இன்னான் என்று ஊருக்கு அடையாளம் காட்டுவதற்காகத் தோலில் எழுதுவது வேறு சங்கதி. கும்பினி ஆட்சியில் ஆயுள் தண்டனைக் கைதிகளுடைய நெற்றியில் அவர்கள் செய்த குற்றத்தைப் பச்சை குத்தும் வழக்கம் இருந்து, 1849ல் அது காட்டுமிராண்டித்தனம் என்று சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. அந்நியன் ஒழித்ததை நம்மவன் விடவில்லை. 1993ல் அமிர்தசரஸில் போலீசார் நான்கு பெண்களுடைய நெற்றியில் ‘ஜேப்கத்ரி’, அதாவது ஜேப்படித் திருடி, என்று பச்சை குத்திவிட்டார்கள். அப்பெண்கள் முந்தானையால் நெற்றியை மூடிக் கொண்டுதான் வெளியே வர வேண்டியிருந்தது. விஷயம் ஹைகோர்ட்டுக்குப் போய், நெற்றித் தோலைச் சரி செய்ய அறுவை வைத்தியம் செய்யும்படி உத்திரவாயிற்று. சம்பந்தப்பட்ட போலீஸ் அதிகாரிகளுக்குத் தண்டனை கிடைத்ததோ 2016ல்தான். குத்துவதற்கு ஒரு நாழிகை. நியாயம் கிடைக்க இருபத்து மூன்று வருஷம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த நான்கு பெண்களுக்குப் போலீஸ்காரன் பலவந்தமாகச் செய்ததை நம் பிள்ளைகள் காசு கொடுத்துத் தாங்களே செய்து கொள்ளுகிறார்கள். ‘நான் இன்ன ஜாதி’ என்று கையில் குத்திக் கொள்ளுகிறவன், தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்று சொல்லுவதாக நினைத்துக் கொண்டிருக்கிறான். தனக்கு மேலே ஒருவன் இருக்கிறான் என்பதையும், அந்த மேலே இருக்கிறவனுடைய சாஸ்திரத்தில் தனக்குச் சூத்திரன் என்று பெயர் என்பதையும், அதே எழுத்தினால் தானே கையெழுத்துப் போட்டு ஒப்புக் கொள்ளுகிறான் என்பது அவனுக்குத் தெரிவதில்லை. அடிமைச் சீட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டிருந்தால்கூட ஒரு நாளைக்குச் செல்லரித்துப் போகும். தோலில் எழுதி வைத்துக் கொண்டால் செல்லும் அரிக்காது.

சாமி பேரைக் குத்திக் கொண்டால் ஜாதி போய்விடும் என்று நம்பியவர்களும் உண்டு. சத்தீஸ்கரில் ராம்நாமி என்ற கூட்டத்தார் இருக்கிறார்கள். தாழ்த்தப்பட்ட மக்கள். கோவிலுக்குள் விடமாட்டோம் என்று மேல்ஜாதியார் சொன்னபடியால், அவர்கள் போன நூற்றாண்டுக்கும் முந்தின நூற்றாண்டின் கடைசியில் கிளம்பி, ராமன் பேரைத் தங்கள் உடம்பு முழுவதும், சிலர் முகத்திலும் கண் இமையிலும்கூட, பச்சை குத்திக் கொண்டார்கள். அவர்களுடைய ரோஷத்தை நாம் மதிக்கிறோம். கோவில் கதவை மூடினவனுக்கு அது நல்ல பதில்தான். ஆனால் உடம்பெல்லாம் ராமன் இருந்தும் ஜாதி போயிற்றா? இன்று அவர்களுடைய பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய் வேலை தேட வேண்டியிருப்பதால் உடம்பு முழுவதும் குத்திக் கொள்ள மறுக்கிறார்கள். அது நல்லதே. வைணவர்கள் தோளில் சங்கையும் சக்கரத்தையும் காய்ச்சிச் சூடு போட்டுக் கொள்ளுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது மையல்ல, வெந்த தழும்பு. மையை எடுக்கிற லேசர் அதை எடுக்காது. மாட்டுக்குச் சூடு போட்டால் தடுப்பதற்கு ஜீவகாருண்யச் சங்கம் இருக்கிறது, மனிதனுக்குத்தான் இல்லை.

பெண்கள் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. புருஷன் பேரைக் கையில் பச்சை குத்திக் கொண்ட பெண்கள் எத்தனை பேர்? பெண்சாதி பேரைக் குத்திக் கொண்ட ஆண்கள் எத்தனை பேர்? பாத்திரத்தில் பேர் வெட்டுவது போலப் பெண்ணின் கையில் பேர் வெட்டி வைத்திருக்கிறார்கள். அவன் அடித்துத் துரத்தினாலும், வேறொருத்தியைக் கட்டிக் கொண்டாலும், அவள் மணவிலக்குப் பெற்று வேறு ஒருவரைத் தன் இஷ்டப்படி மணந்து கொண்டாலும், சோறு பிசையும் போதெல்லாம் அந்தப் பழைய எஜமானுடைய பேரை அவள் பார்த்துக் கொண்டே இருக்க வேண்டும். லேசர் வைத்தியத்தினால் உண்மையில் விடுதலை அடைகிறவர்கள் யாரென்றால், நம்முடைய அபிப்பிராயத்தில் முதலில் இந்தப் பெண்கள்தான்.

இனி அந்த வைத்தியம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லுவோம். இதில் மந்திரமில்லை, தந்திரமில்லை.

தோலுக்கு மேல்தோல், அடித்தோல் என்று இரண்டு அடுக்கு உண்டு. மேல்தோல் சில வாரங்களுக்கொரு முறை உதிர்ந்து புதிதாகி விடும். மை அதில் நின்றால் தானாகவே போய்விடும். ஊசியானது மையைக் கீழே அடித்தோலில் கொண்டு போய்ப் போடுகிறபடியால்தான் அது நிற்கிறது. அங்கேயுள்ள காவல்காரரைப் போன்ற சில அணுக்கள், அந்நியப் பொருள் வந்துவிட்டதென்று அந்த மையைப் பிடித்து விழுங்கிவிடுகின்றன. விழுங்கினதைச் செரிக்க முடிவதில்லை. தூக்கிக் கொண்டு போகவும் முடிவதில்லை. ஒரு காவல்காரன் செத்தால் அவன் வைத்திருந்த மையைப் பக்கத்துக் காவல்காரன் வாங்கி வைத்துக் கொள்ளுகிறான். இதைப் பிரான்சு தேசத்தில் எலிகளைக் கொண்டு சோதித்து 2018ல் வெளியிட்டார்கள். (ஜாதியும் இப்படித்தான் அப்பனிடமிருந்து மகனுக்குக் கைமாறுகிறது என்று நமக்குத் தோன்றுகிறது.)

லேசர் என்பது ஒரே நிறமுள்ள, சிதறாத ஒளி. 1960ல் அமெரிக்காவில் மெய்மன் என்பவர் கெம்புக் கல்லைக் கொண்டு இதை முதன்முதலில் உண்டாக்கினார். சில வருஷங்களுக்குள்ளாகவே கோல்ட்மன் என்ற வைத்தியர் அதைப் பச்சையின் மேல் பாய்ச்சிப் பார்த்தார். 1983ல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இருவர் இதன் தத்துவத்தைத் தெளிவாக எழுதினார்கள். அதாவது, எந்த நிற ஒளியை எந்தப் பொருள் உறிஞ்சுமோ அதைப் பார்த்து, அப்பொருள் சூடேறிச் சுற்றுப்புறத்துக்குச் சூட்டைக் கடத்துவதற்கு முன்னாலேயே ஒளியை நிறுத்திவிட்டால், அந்தப் பொருள் மட்டும் அழியும், பக்கத்துச் சதை பிழைக்கும் என்பதுதான். பச்சைக்குப் பாய்ச்சும் ஒளி ஒரு வினாடியை நூறு கோடியாகப் பங்கிட்டால் அதில் சில பங்கு நேரமே நிற்கும். அதற்குள் மைத்துகள் வெடித்துப் பொடியாகிவிடும். பொடியானதை உடம்பே கொஞ்சங் கொஞ்சமாக நிணநீர் வழியாக அப்புறப்படுத்தி விடுகிறது. ஆகவே, லேசர் உடைக்கிறது, எடுப்பது உடம்பு. அதனால்தான் ஒரே தடவையில் போவதில்லை. ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் ஆறு, எட்டு வாரமாவது இடைவெளி விட வேண்டும். குறத்தி குத்தின கரிப் பச்சை சில தடவையில் மங்கிவிடும். மின்சார ஊசியினால் அடர்த்தியாகக் குத்தினதற்கு ஆறு, எட்டு, பத்துத் தடவைக்கு மேலும் ஆகலாம். கறுப்பு சுலபமாகப் போகும். பச்சையும் மஞ்சளும் முரண்டு பிடிக்கும். வெள்ளை மையும் தோல் நிற மையும் லேசர் பட்டால் கறுத்துப் போவதும் உண்டு. பழைய பச்சையை மறைக்க மேலே வேறு படம் குத்திக் கொள்ளுகிறவர்கள், எடுக்க வேண்டிய மையை இரட்டிப்பாக்கிக் கொள்ளுகிறார்கள் என்பதையும் அறிய வேண்டும்.

நமது மக்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்றுண்டு. லேசர் ஒளியை மை மட்டும் உறிஞ்சுவதில்லை. நம் தோலுக்குக் கறுப்பைக் கொடுக்கிற மெலனின் என்னும் பொருளும் உறிஞ்சும். வெள்ளைக்காரன் தோலுக்கென்று வைத்த அளவில் நம் தோலின் மேல் பாய்ச்சினால், மையோடு கூட நம் தோலும் வெந்து, வெள்ளைத் திட்டோ, கறுப்புத் திட்டோ, சிலருக்கு மேடாகத் தடித்த தழும்போ வந்துவிடும். 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை மெலனின் குறைவாகவே உறிஞ்சுகிறபடியால் கறுத்த தோலுக்கு அதுவே பத்திரமானது. ஆகையால், தோல் வைத்தியம் படித்துப் பட்டம் பெற்ற டாக்டரிடம்தான் போக வேண்டும். முதலில் ஓர் ஓரத்தில் சிறு இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். கண்ணுக்கு மூடி போடாமல் ஒளியைப் பாய்ச்சுகிற இடமானால் உடனே எழுந்து வந்துவிட வேண்டும். அழகு நிலையத்தில் நேற்று வரை முடி வெட்டிக் கொண்டிருந்தவர் இன்று லேசர் பிடிக்கிறார் என்றால் அது அவருக்குப் பிழைப்பு, நமக்குத் தழும்பு. சுண்ணாம்பு தடவுவதும், உப்பைத் தேய்ப்பதும், திராவகம் ஊற்றுவதும், பச்சை போக்கும் களிம்பென்று வாங்கிப் பூசுவதும் தோலைப் புண்ணாக்குமே தவிர, அடித்தோலில் இருக்கிற மையைப் பத்திரமாக எடுக்காது.

நிற்க, முகத்தை வெள்ளையாக்கும் சங்கதிக்கு வருவோம்.

தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்கள் ஐரோப்பியனுக்கும் ஆப்பிரிக்கனுக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. அவை உண்டாக்குகிற மெலனின் எவ்வளவு, எப்படிப்பட்டது என்பதில்தான் வித்தியாசம். வெயிலிலுள்ள கெட்ட கதிர்களிலிருந்து அது நம்மைக் காக்கிறது. வெள்ளைத் தோலுக்கு வருகிற அளவு தோல் புற்றுநோய் நமக்கு வராததற்கு அதுவே காரணம். வெயில் தேசத்தில் இயற்கை கொடுத்த குடையைக் கிழித்தெறியக் காசு கொடுக்கிற மூடத்தனத்தை வேறு எங்கே பார்ப்பது? பிறந்த நிறத்தை நிரந்தரமாக மாற்ற லேசரால் முடியாது. மாற்றுவதாகச் சொல்லுகிறவன் புளுகுகிறான்.

மங்கு என்பது வேறு. அது கன்னத்திலும் நெற்றியிலும் படருகிற கருந்திட்டு. பெரும்பாலும் பெண்களுக்கு, கர்ப்ப காலத்திலும், கருத்தடை மாத்திரை சாப்பிடும் போதும், வெயிலினாலும் வரும். இதற்கும் மங்கு சனிக்கும் முடிச்சுப் போட்டு எள்ளு விளக்கு ஏற்றச் சொல்லுகிற ஜோசியர்களும் இருக்கிறார்கள். சனிக்கிரகம் இருக்கிற தூரத்துக்கு அதற்கு நம் வீட்டுப் பெண்களுடைய கன்னத்தைத் தேடிக் கண்டுபிடிக்க நேரமேது? மங்குக்கு முதல் மருந்து வெயில் படாமல் காப்பது. அடுத்தது டாக்டர் எழுதிக் கொடுக்கும் களிம்பு. லேசர் கடைசியில்தான். அதுவும் போன மங்கு திரும்பி வருவதுண்டு, சிலருக்கு முன்னிலும் அதிகமாவதுமுண்டு. இதை முன்னாடியே சொல்லாமல் பணம் வாங்குகிறவர் வைத்தியரல்ல, வியாபாரி. பிறவியிலேயே கண்ணைச் சுற்றி நீலம் படர்ந்திருக்கிற மச்சத்துக்கோ லேசர் நல்ல பலன் தருகிறது. பூர்வ ஜன்ம பாபம் என்றும், கிரகணத்தில் தாய் வெளியே வந்த தோஷம் என்றும் சொல்லி வந்த குறியை, சில தடவை ஒளியைப் பாய்ச்சி டாக்டர் மங்க வைத்துவிடுகிறார். பூர்வ ஜன்ம பாபத்துக்கு 1064 நானோமீட்டர் பரிகாரம் என்று எந்தப் புராணத்தில் இருக்கிறது?

சிவப்பழகுக் களிம்புகளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. 1975 முதல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்று விற்ற களிம்பு 2020ல் பேரை மட்டும் ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றிக் கொண்டது. அது பேர் மாற்றம்தான். பேர் தெரியாத களிம்புகள் இன்னும் மோசம். 2023ல் மலப்புரத்தில் பாதரசம் கலந்த களிம்பைப் பூசினவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டதை டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். பெண் கறுப்பு என்று சொல்லி அதிக நகை கேட்கிற மாமியார் இருக்கிற வரையில் இந்த வியாபாரத்துக்குக் குறைவிராது. குத்தினது பிறர் ஏற்றின அடையாளம். அதை எடுப்பது மானம். பிறந்த நிறம் நம்முடையது. அதை எடுக்க நினைப்பது அவமானத்தை ஒப்புக் கொள்ளுவது.

சர்க்கார் வேடிக்கை ஒன்றையும் இங்கு சொல்ல வேண்டும். மத்திய ஆயுதப் போலீஸ் படைகளில் சேர வருகிறவர்களுக்கு வலது முன்கையில் பச்சை இருக்கக் கூடாதாம், ஏனெனில் அது சலாம் போடுகிற கையாம். இடது முன்கையில் சிறிதாக மதச்சின்னமோ பேரோ இருக்கலாமாம். அதற்குச் சொல்லும் காரணம், இது மதச்சார்பற்ற நாடானபடியால் மக்களுடைய மத உணர்ச்சியை மதிக்க வேண்டுமாம்! மதச்சார்பில்லாததனால் மதச்சின்னத்துக்கு இடம் என்ற இந்தத் தர்க்கம் நமக்கு விளங்கவில்லை. இது எப்படியோ போகட்டும். அப்பன் சொல்லியும், வாத்தியார் சொல்லியும் ஜாதிப் பச்சையை எடுக்காத வாலிபன், சலாம் போடுகிற உத்தியோகத்துக்காக உடல் பரீட்சைக்கு ஒரு மாதம் முன்னால் லேசர் தேடி ஓடுகிறான். ஒரு மாதத்தில் போகாது என்று மேலே சொன்ன கணக்கிலிருந்தே தெரியும்.

நம் தோழர்களிலும் சிலர் இயக்கத் தலைவர்களின் முகத்தைக் கையில் குத்திக் கொள்ளுகிறார்கள். அதையும் நாம் விரும்பவில்லை. ஒரு கருத்து தப்பென்று நாளைக்குத் தெரிந்தால் விட்டுவிடத் தயாராயிருப்பவன்தான் பகுத்தறிவுவாதி. அவனுக்கு அழியாத மை எதற்கு?

கடைசியாக அரசாங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்கில் தனி டாக்டர்கள் வாங்குகிறார்கள். நூற்பாலை வேலைக்குப் போகிற பெண்ணும், கூலிக்காரர் மகனும் எட்டுத் தடவைக்கு எங்கே போவார்கள்? சில பெரிய அரசு ஆஸ்பத்திரிகளின் தோல் பிரிவில் இக்கருவி இருக்கிறது. ஜில்லாத் தலைநகர் ஒவ்வொன்றிலும் ஒன்று வைத்து, ஜாதிப் பச்சையை எடுக்க வருகிற மாணவருக்கும், விட்டுப் போன புருஷன் பேரை எடுக்க வருகிற பெண்ணுக்கும் இலவசமாகச் செய்ய வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பச்சை குத்துகிற கடைக்காரருக்கு உரிமம் ரத்து என்று சட்டம் செய்ய வேண்டும். திருவிழாக் கடைகளில் ஒரே ஊசியைப் பத்துப் பேருக்குக் குத்தி மஞ்சள் காமாலைக் கிருமியையும் எய்ட்ஸ் கிருமியையும் பரப்பாதபடி சுகாதார அதிகாரிகள் போய்ப் பார்க்க வேண்டும். சட்டசபை அங்கத்தினர்களில் எவராவது இதை ஒரு கேள்வியாகவாவது சபையில் போடுவார்களா என்று எதிர்பார்க்கிறோம்.